பையைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா? கொழும்பு வாசல்களில் நடக்கும் சோதனை பற்றி

ஒழுங்கை57 (வெள்ளவத்தை)

போன ஞாயிறு பின்னேரம் கொழும்பில் ஒரு பெரிய கடைத்தொகுதிக்குப் போனேன். எது என்று சொல்லவில்லை, எல்லா இடத்திலும் இதுதான் நடக்கிறது. என் தோளில் முதுகுப் பை. மடிக்கணினி, சார்ஜர், ஜிம் உடுப்பு, இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தல் எல்லாம் திணித்தது. எட்டு கிலோவுக்குக் குறையாது. வாசலில் நின்ற காவலர் என் முகத்தைப் பார்த்தார், தலையை அசைத்தார், நான் உள்ளே போய்விட்டேன். பையைத் தொடவே இல்லை.

எனக்குப் பின்னால் அபாயா அணிந்த ஒரு தாய் வந்தார். இடுப்பில் ஒரு வயது மதிக்கத்தக்க பிள்ளை. அவரை ஓரமாக நிற்க வைத்து, பிள்ளையின் பையில் இருந்ததை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார்கள். பம்பர்ஸ், துவாய், ஒரு பொம்மை, பால் போத்தல். போத்தலின் மூடியைக் கழற்றி மணந்தும் பார்த்தார்கள். பிள்ளை வீறிட்டு அழுதது. அந்தத் தாய் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினார். பம்பர்ஸ் அடியில், துவாய் அதன் மேல், போத்தல் பக்கத்து அறையில். கை அவ்வளவு பழகியிருந்தது.

நானும் நின்று பார்த்தேன், வாய் திறக்கவில்லை. மூன்று நாளாகியும் அது உறுத்துகிறது.

ஏனென்றால் அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். 2008இல் எனக்கு இருபத்திரண்டு வயது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸை மறித்து ஏறுவார்கள். அந்தக் காலத்து அடையாள அட்டையில் சிங்களத்தோடு தமிழும் இருந்தால், வடக்கு கிழக்கில் எடுத்த அட்டை என்று கண்ட உடனே தெரிந்துவிடும். கொழும்பில் எடுத்த அட்டையில் சிங்களம் மட்டும்தான். என் அட்டையைக் கையில் வாங்கியவர் பெயரைக்கூட வாசிக்கவில்லை, எழுத்தைப் பார்த்தார், "பஹின்ன" என்றார். இறங்கினேன், பஸ் போய்விட்டது. அந்த பஸ்ஸில் என் தலைக்கு மேலே தட்டில் ஒரு பெரிய காட்போட் பெட்டி இருந்தது, யாருடையது என்று எனக்குத் தெரியாது. அதை யாரும் கேட்கவில்லை. அது அப்படியே புறக்கோட்டைக்குப் போனது.

இனம், மதம், உடுப்பு பார்த்து ஆளைத் தெரிந்தெடுத்துச் சோதிப்பதைத்தான் ப்ரொஃபைலிங் என்கிறார்கள். பயங்கரவாதத்தைத் தடுக்க அது வேண்டும் என்று நம்மவர்களிலேயே பலர் சொல்கிறார்கள். என் எண்ணம் நேர் எதிர். அது அநியாயம் என்பது ஒரு பக்கம். அதைவிட, குண்டைத் தேட வேண்டிய கண்ணை அது வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், வாசிக்க விரும்புகிறேன்.

---

பழைய காவலன்

தம்பி, நான் 1993இலிருந்து 22 வருடம் தனியார் பாதுகாப்பு வேலை பார்த்தவன். தமிழன்தான், என்னையும் இறக்கியிருக்கிறார்கள், சுற்றிவளைப்பில் ஒரு இரவு முழுக்கப் பொலிஸில் இருந்திருக்கிறேன். அதனால் எனக்கு வலி தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

1996 ஜனவரி 31. மத்திய வங்கிக்கு லொறியைக் கொண்டுவந்து வெடிக்க வைத்தார்கள். 91 பேர் செத்தார்கள், ஆயிரத்து நானூறு பேர் அளவில் காயம். நான் கோட்டையில் பக்கத்துக் கட்டிடம் ஒன்றில் கடமையில் இருந்தேன். குண்டில் செத்ததை மட்டும்தான் எல்லாரும் பேசுவார்கள். நான் கண்டது கண்ணாடியை. சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடியவர்கள் முகத்தில் கண்ணாடி. எங்கள் மாடியில் தட்டச்சு வேலை செய்த ஒரு பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு "அண்ணை, லைட் போயிட்டுதா?" என்று கேட்டது. லைட் போகவில்லை.

வாசலில் நிற்கிறவனுடைய நிலையில் இருந்து பாருங்கள். சனிக்கிழமை இரண்டு பேர் கடமை. ஆயிரக்கணக்கில் சனம். ஒருவருக்கு மூன்று செக்கன் கிடைத்தால் பெரிய காரியம். எல்லாப் பையையும் திறந்தால் வரிசை வீதிக்கு வரும், அந்த வரிசையே இன்னொரு இலக்கு. ஆகவே தெரிந்தெடுக்கத்தான் வேண்டும். தெரிந்தெடுக்கும்போது தெரிந்ததை வைத்துத்தான் எடுப்பான். அந்தக் காலத்தில் குண்டு கொண்டுவந்த இயக்கம் தமிழ் இயக்கம். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் அன்று குண்டோடு வந்தவர்கள் முஸ்லிம் பெயருள்ளவர்கள். இதில் வெறுப்பு இல்லை தம்பி, கணக்கு. மனம் நோகும், உயிர் போகாது.

---

தெமட்டகொட டீச்சர்

ஐயா, உங்கள் வயதுக்கும் நீங்கள் கண்டதுக்கும் மரியாதை வைத்துத்தான் எழுதுகிறேன். மனம் நோவதோடு முடிகிற விசயம் என்றால் நாங்கள் பொறுத்துக்கொண்டு போயிருப்போம்.

2019 ஏப்ரல் 29ஆம் திகதி வந்த ஒழுங்குவிதி முகத்தை மூடுவதைத்தான் தடுத்தது. முகம் தெரியும்படி தலையை மூடுவதற்குத் தடை இல்லை. ஆனால் மே மாதம் என் உம்மாவை இரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப் போனபோது, வாசலில் முக்காட்டைக் கழற்றினால்தான் உள்ளே விடலாம் என்றார்கள். கிழமைக்கு இரண்டு தரம் அதே வாசலால் போகிற நோயாளி. எழுபத்தொரு வயது. முந்தின கிழமை வரைக்கும் "அம்மா, கவனம், படி வழுக்கும்" என்று கையைப் பிடித்துவிட்ட அதே காவலர்தான். உம்மா திரும்பிப் போகலாம் என்றார். திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாதாடி, கெஞ்சி, முக்கால் மணித்தியாலம் பிந்தி உள்ளே போனோம்.

அதே மாதம் ஹசலக்கவில் ஒரு பெண்ணைப் பிடித்து அடைத்தார்கள். அவர் உடுப்பில் இருந்தது கப்பல் சுக்கான் படம். பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று நினைத்தார்களாம். கூலி வேலை செய்து வாழும் பெண், பல நாள் சிறையில் இருந்தார். பார்க்கிறவர் கண் ஒரு தரம் பயந்துவிட்டால் சுக்கானும் சக்கரமும் ஒன்றாகிவிடும்.

இனி இதைக் கேளுங்கள். அந்த யூன் மாதம் எங்கள் ஒழுங்கையில் கறுப்புப் பொலித்தீனில் சுற்றிய ஒரு பொதி இரண்டு நாள் கிடந்தது. எல்லாரும் கண்டோம். பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு ஒருவரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அழைத்தவர் யார், ஏன் கண்டீர், எப்போது கண்டீர் என்று முதலில் நம்மைத்தான் இழுப்பார்கள் என்ற பயம். கடைசியில் நகரசபை லொறி அதை அள்ளிக்கொண்டு போனது. பழைய துணியாம். துணியாக இல்லாதிருந்தால்? உயிர் போகாது என்கிறீர்களே ஐயா, உயிர் போகிற வழி இதுதான்.

---

கொச்சிக்கடைக்காரன்

என் சித்தி அன்று அந்தோனியார் கோயிலுக்குள் இருந்தார். உயிர்த்த ஞாயிறு, புதுச் சேலை. உடுத்திக் காட்டிவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் மனிதனாக இல்லை. தாடியோடு ஒருவர் பஸ்ஸில் ஏறினால் இறங்கி நடந்திருக்கிறேன். ஆகவே காவலன் ஐயா எழுதியதை நான் தூக்கி எறிய மாட்டேன். பயம் எப்படி வேலை செய்யும் என்று தெரியும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டுவாப்பிட்டிக் கோயில் கமராவில் பதிவானதை நாடே பார்த்தது. உள்ளே போகிறவன் சாதாரண காற்சட்டை, சேட். முற்றத்தில் எதிரே வந்த சின்னப் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போகிறான். ஷங்ரி-லா ஹோட்டல் கமராவில் தெரிந்தவர்களுக்குத் தொப்பி, முதுகுப் பை. விடுமுறைக்கு வந்தவர்கள் மாதிரி. அவர்களை உடுப்பை வைத்து யாராலும் பிரித்திருக்க முடியாது. கட்டுவாப்பிட்டியிலும் சரி ஷங்ரி-லாவிலும் சரி, திரும்பத் திரும்பப் பார்க்கும்போது கண்ணில் குத்துவது பைதான். பெரிய, பாரமான பை. காலைப் பூசைக்கு எதற்கு அவ்வளவு பெரிய பை என்று அன்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது எங்கள் கோயிலில் எல்லாப் பையையும் திறக்கிறார்கள். என் அம்மாவின் செபப்புத்தகப் பையையும் திறக்கிறார்கள். பெருநாள் என்றால் அரை மணித்தியாலம் முந்தி வர வேண்டும். ஒருவருக்கும் வெட்கம் இல்லை, எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பதால்.

---

மட்டுநகர் (இப்போது கிருலப்பனை)

அண்ணன் எழுதியதோடு சேர்த்து இதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் சீயோன் தேவாலயத்தில் அன்று குண்டோடு வந்தவனை ஒருவர் வாசலிலேயே நிறுத்தினார். பொலிஸ் இல்லை, ஆமி இல்லை, அந்தச் சபையைச் சேர்ந்தவர். வீடியோ எடுக்க வந்தேன் என்று அவன் சொன்னான். அப்படியென்றால் அனுமதி வாங்க வேண்டும், பையோடு உள்ளே விட முடியாது என்று வெளியே அனுப்பினார். வெளியேதான் வெடித்தது. அவரும் போனார், முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பலரும் போனார்கள். ஆனால் மண்டபத்துக்குள் நிரம்பியிருந்த சனம் தப்பியது. வந்தவன் தமிழ் பேசினான், எங்கள் ஊர் ஆள் மாதிரியே இருந்தான். அவரை உஷாராக்கியது அந்தப் பையும், பொருந்தாத பதிலும்.

இதற்கு நேர் எதிரான கதையும் எங்கள் ஊரில்தான் நடந்தது. 2018 நவம்பர் 30 வவுணதீவு. காவலரணில் இருந்த இரண்டு பொலிஸ்காரரைக் கொன்று ஆயுதத்தை எடுத்துப் போனார்கள். உடனே சந்தேகம் யார் மீது? புலிகள் மீது. மாவீரர் நாளுக்கு மூன்று நாள் கழித்து நடந்த கொலை, வேறு யாராக இருக்க முடியும்? முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து அடைத்தார்கள். ஐந்து மாதம். ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது, அதைச் செய்தது அந்தக் குண்டுகளுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் ஆட்கள். அவர் வெளியே வந்தார்.

அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது. "இந்த மாதிரி ஆள்தான் செய்வான்" என்ற முடிவு முதலே இருந்ததால் உண்மையில் செய்தவர்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை. அன்றே சரியான கதவைத் தட்டியிருந்தால் கொச்சிக்கடை அண்ணனின் சித்தி இன்றைக்கு இருந்திருக்கலாம். ஒழுங்கை57 சொல்கிற "கண்ணை வேறு பக்கம் திருப்புவது" இதுதான்.

---

புறக்கோட்டை மொத்த வியாபாரம்

வாசல் காவலரை விடுங்கள், அவர் பாவம். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து தகவல் வந்தது. 11ஆம் திகதி பொலிஸ் உள்கடிதத்தில் சஹ்ரானின் பெயரே இருந்தது. 21ஆம் திகதி 269 உயிர். உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா கட்ட வேண்டும், பொலிஸ் மா அதிபராக இருந்தவரும் அரச புலனாய்வுத் தலைவராக இருந்தவரும் ஆளுக்கு ஏழரைக் கோடி கட்ட வேண்டும் என்று தீர்த்தது. பெயரும் இலக்கும் கையில் இருந்தபோது அசையாதவர்கள், அதற்குப் பிறகு பால் போத்தலை மணக்க வைத்தார்கள்.

---

எண்ணும் எழுத்தும்

நான் புள்ளிவிபரம் கற்பிக்கிறவள். காவலன் ஐயா "கணக்கு" என்றதால் கணக்காகவே பேசலாம்.

ஒரு லட்சம் பேர் ஒரு வாசலால் போகிறார்கள், அதில் ஒருவர் குண்டோடு வருகிறார் என்று வையுங்கள். உண்மையில் ஒரு கோடிக்கு ஒருவர்கூட இல்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். உங்கள் காவலர் மிகக் கெட்டிக்காரர், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தரம் சரியாகச் சொல்வார். அப்படி இருந்தும் ஒன்றும் செய்யாத ஆயிரம் பேரை அவர் பிடிப்பார், அந்த ஒருவரையும் பிடிப்பார். ஆயிரத்தொரு பேரில் ஒருவர். நாலைந்து மாதம் இப்படிப் போனால் காவலருக்கே தன் சந்தேகத்தில் நம்பிக்கை போய்விடும். கை பழகும், கண் தூங்கும். உடுப்பைப் பார்த்துப் பிடிக்கிறவர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்குக் கிட்டவும் வரமாட்டார்.

அடுத்தது. வில்லியம் பிரஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 2009இல் ஒரு கட்டுரையில் இதைக் கணித்துக் காட்டினார். ஒருவர் மேல் எவ்வளவு சந்தேகமோ அதே விகிதத்தில் அவரைச் சோதித்தால், கண்ணை மூடிக்கொண்டு ஆட்களைத் தெரிந்தெடுப்பதைவிட ஒரு லாபமும் இல்லை. காரணம் மிக எளிது. சந்தேகப் பட்டியலில் உள்ள அதே அப்பாவிகளைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதிலேயே நேரம் போய்விடும். டீச்சரின் உம்மா கிழமைக்கு இரண்டு தரம் வருகிறார். இரண்டு தரமும் அவரைத்தான் நிறுத்துகிறார்கள். அவரிடம் குண்டு இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

முழுதாகச் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். அதே கட்டுரை, சந்தேகத்தின் வர்க்கமூலத்தின்படி சோதிப்பது சிறந்தது என்கிறது. ஒன்பது மடங்கு சந்தேகம் என்றால் மூன்று மடங்கு சோதனை.

---

பழைய காவலன்

பார்த்தீர்களா தங்கச்சி, மூன்று மடங்கு என்றாலும் கூடுதலாகத்தானே வருகிறது. நான் கேட்டதும் அதுதான்.

டீச்சர், உம்மாவுக்கு நடந்தது நடந்திருக்கக்கூடாது. அன்று நான் அங்கே நின்றிருந்தால் நடந்திராது. ஆனால் பெண் என்று விட்டுவிடவும் முடியாது. 2006 ஏப்ரலில் இராணுவத் தலைமையகத்துக்குள் அப்போதைய தளபதி சரத் பொன்சேகாவைக் கொல்ல வந்தது கர்ப்பிணி வேடத்தில் வந்த பெண். 2019இலும் தெமட்டகொட வீட்டில் பொலிஸ் நுழைந்தபோது வெடிக்க வைத்தது பெண்தான், மூன்று பொலிஸ்காரர் செத்தார்கள்.

இஸ்ரேலைப் பாருங்கள். அவர்களுடைய எல் அல் விமானத்தில் ஏறுகிறவரை ஆள் பார்த்துத்தான் கேள்வி கேட்கிறார்கள். சில பேருக்கு ஐந்து நிமிடம், சில பேருக்கு இரண்டு மணித்தியாலம். அவர்களை விட இதில் அனுபவம் யாருக்கு?

---

தெமட்டகொட டீச்சர்

அந்த வீடு எங்களுக்குத் தூரம் இல்லை ஐயா. சத்தம் கேட்டது. அந்தப் பெண் பிள்ளைகளோடு இருந்தார் என்பதை நினைத்தால் இன்னும் என்னால் பேச முடியாது. அவர் கணவனும் கணவனின் சகோதரனும் மிளகு, கறுவா போன்ற வாசனைச் சரக்கு விற்கும் பெரிய வியாபாரியின் பிள்ளைகள். காரில் வந்து இறங்கினால் எந்த வாசலிலும் சலூட் அடித்து உள்ளே விட்டிருப்பார்கள். அந்தச் சகோதரன் சினமன் கிராண்ட் ஹோட்டலில் விருந்தினராக அறை எடுத்தே தங்கினான். பொலிஸ் அந்த வீட்டுக்கு வந்தது தடயத்தைப் பிடித்துக்கொண்டு. உடுப்பைப் பிடித்துக்கொண்டு வரவில்லை.

இன்னொன்று. சஹ்ரானைப் பற்றி முதலில் முறையிட்டது யார்? 2017 மார்ச்சில் காத்தான்குடியில் அவன் ஆட்கள் வாளோடு வந்து மோதினார்கள். அதற்குப் பிறகு அவனைப் பிடியுங்கள் என்று வீதியில் இறங்கிக் கேட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள். 2019 ஏப்ரல் 26 சாய்ந்தமருதில் புதிதாக வாடகைக்கு வந்தவர்கள் மேல் சந்தேகம் வந்து சொன்னவர்களும் அந்த ஊர் சனம்தான். அது நடந்தது ஈஸ்டர் முடிந்து ஐந்தே நாளில். அன்றைக்கு இன்னும் பயம் முற்றவில்லை, சொன்னார்கள். யூன் மாதம் எங்கள் ஒழுங்கையில் நாங்கள் சொல்லவில்லை. இடையில் நடந்தது என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

---

எண்ணும் எழுத்தும்

ஐயா, இஸ்ரேல் கதையில் இரண்டு சம்பவம் எல்லாரும் சொல்வார்கள்.

1972 மே 30, லொட் விமான நிலையம். 26 பேர் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் மூன்று யப்பானியர்கள். எல்லாரும் அரபுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், அவர்கள் பிரான்ஸ் விமானத்தில் வந்து இறங்கி, இசைக்கருவிப் பெட்டி மாதிரியான பெட்டிகளிலிருந்து துப்பாக்கியை எடுத்தார்கள். எதிரி நம்மை விட நன்றாக நம் பட்டியலைப் படிக்கிறான். பட்டியலில் இல்லாத ஆளை அனுப்புவான். நீங்கள் சொன்ன கர்ப்பிணி வேடமும் அதே படிப்புத்தான்.

1986 ஏப்ரல் 17, ஹீத்ரோ. அயர்லாந்துப் பெண், உண்மையான கர்ப்பிணி. காதலன் கொடுத்த பையில் குண்டு இருப்பது அவருக்கே தெரியாது. ஹீத்ரோவின் சாதாரண சோதனையைத் தாண்டி வந்துவிட்டார். எல் அல் காவலர் பேச்சுக் கொடுத்தார். எங்கே தங்குவீர்கள், யார் அனுப்பினார்கள், கையில் எவ்வளவு பணம். பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பையில் இருந்ததை எல்லாம் வெளியே எடுத்த பிறகும் பை பாரமாக இருந்தது. அடித்தட்டைப் பிரித்தார்கள், அதற்குள் இருந்தது. முந்நூறுக்கு மேற்பட்ட உயிர் தப்பியது.

வெறும் பை பாரமாக இருந்தது. இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு கணம் பேசாமல் இருப்பார்கள்.

மூன்று மடங்கு என்றதற்கும் பதில் சொல்கிறேன். அந்த ஒன்பதை யார் போடுவது? வாசலில் நிற்கிற களைத்த மனிதரா? அவர் மனதில் ஒன்பது எப்போதும் ஒன்பதாயிரமாக இருக்கும். அந்தக் கணிதம் சரியான எண் கையில் இருக்கிறவருக்குத்தான் உதவும்.

---

புதுக்கடை சட்டத்தரணி

சட்டப் பக்கம் சுருக்கமாக. அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் போன்ற காரணங்களால் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 2007 யூன் 7 அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் புகுந்து 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லையாம். வெளிநாடு போக மருத்துவப் பரிசோதனைக்கு வந்தவர்களும் கல்யாணச் சாமான் வாங்க வந்தவர்களும் அதில் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பிரதமர் பிறகு வருத்தம் தெரிவித்தார். ஆக, யுத்தத்தின் உச்சியிலேயே இதை நீதிமன்றம் தடுத்தது. ஆனால் தனியார் வாசலில் நிற்கும் காவலரை அந்த வழியில் பிடிப்பது கஷ்டம். கடைத்தொகுதிகளில் இது தொடர்வதற்கு ஒரு காரணம் இந்த இடைவெளி.

ஒருவர் விபரம் தெரிந்து அவரைத் தேடுவது வேறு. "இன்ன பெயர், இன்ன உயரம், வெள்ளை வான்" என்று தகவல் இருக்கும்போது அதில் இனமும் ஒரு விபரமாக இருக்கலாம். அது ஒரு ஆளைத் தேடுவது, ஒரு சனத்தையே தேடுவது இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. உடுப்பை விட்டுவிட்டு "நடத்தையைப் பார்" என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க விமான நிலையங்களில் பதற்றமான முகத்தைக் கண்டுபிடிக்க 2007இலிருந்து 90 கோடி டொலர் அளவில் செலவழித்தார்கள். அது வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, பணத்தைக் குறையுங்கள் என்று அவர்களுடைய கணக்காய்வு அலுவலகமே 2013இல் சொன்னது. இங்கிலாந்தில் சந்தேகக் காரணமே இல்லாமல் யாரையும் மறிக்கலாம் என்ற பயங்கரவாதச் சட்டத்தின் 44ஆம் பிரிவின் கீழ் 2009-10இல் ஒரு லட்சம் பேருக்கு மேல் மறித்தார்கள். பயங்கரவாதக் குற்றத்துக்கு ஒருவர்கூடக் கைதாகவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010இல் அந்த அதிகாரம் உரிமை மீறல் என்று தீர்த்தது.

வாசலில் யாருக்குப் பதறும்? நேற்று அவமானப்பட்டவருக்குத்தான் இன்று பதறும்.

---

ஒழுங்கை57

சட்டத்தரணி அண்ணன் எழுதிய கடைசி வரியை வாசித்துவிட்டு எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். எனக்கு இன்றைக்கும் சீருடையைக் கண்டால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். இப்போது கொடுக்கும் புதிய அட்டை எல்லாருக்கும் மூன்று மொழியில், எழுத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனாலும் கை போகிறது. என் மனைவி கேட்பார், ஏன் நெஞ்சைத் தடவுகிறீர்கள் என்று.

இன்று வேலை முடிந்து அதே கடைத்தொகுதிக்குப் போனேன். அதே காவலர் நின்றார். பிழை பிடிக்கப் போகவில்லை, பேசத்தான் போனேன். தேநீர் நேரம் வரும்வரை காத்திருந்தேன். மொனராகலையில் வீடு, அறுபத்தொரு வயது. பன்னிரண்டு மணித்தியாலக் கடமை, நாற்காலி இல்லை. பையில் என்ன பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லித் தந்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். "கவனம்" என்று மட்டும் சொன்னார்களாம். எதில் கவனம் என்று கேட்டபோது மேற்பார்வையாளர் கண்ணால் காட்டினாராம். கண் யார் மேல் போனது என்று நான் எழுதத் தேவையில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளை அழுதது தனக்கும் பிடிக்கவில்லை, தனக்கும் பேரப்பிள்ளை இருக்கிறது என்றார். நான் அவரிடம் என் பையைக் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். தூக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "மே மொகக்த மஹத்தயா, மெச்சர பர?" என்றார். என்ன இது, இவ்வளவு பாரம் என்று. அதுதான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

காவலன் ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. அந்த மூன்று செக்கனில் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்? இனத்தை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

---

பழைய காவலன்

நேற்று முழுவதும் யோசித்தேன்.

முதலில் பாரம். ஆள் நடக்கும்போது பை தோளை எப்படி இழுக்கிறது என்று தெரியும். வார் இறுகி நிற்கும், நடை ஒரு பக்கம் சாயும். அடுத்தது கை. வழியில் சனம் முட்டும்போது எல்லாரும் முகத்தைக் காப்பார்கள், பாரமான சாமான் வைத்திருப்பவன் சாமானைக் காப்பான். பிறகு உடுப்பு, அதாவது காலநிலைக்குப் பொருந்தாத உடுப்பு. கொழும்பு மத்தியான வெயிலில் தடித்த ஜாக்கெட் ஏன்? பிறகு விட்டுவிட்டுப் போகும் சாமான். 2007 நவம்பர் 28 நுகேகொடையில் வெடித்தது துணிக்கடையில் யாரோ விட்டுச் சென்ற பொதி. "கொஞ்சம் பாருங்கள், வந்து எடுக்கிறேன்" என்று சொல்கிற யாருடைய சாமானையும் எடுக்கவே கூடாது, அது பாதிரியாராக இருந்தாலும். கடைசியாக ஒரு கேள்வி. "யாரைப் பார்க்க வந்தீர்கள்?" பதில் வருகிற வேகத்தில் பாதி தெரிந்துவிடும்.

எழுதி முடித்துவிட்டுத்தான் கவனித்தேன், இதில் பெயரும் இல்லை, பொட்டும் இல்லை, தொப்பியும் இல்லை. 22 வருடத்தில் நான் உண்மையில் நிறுத்திய சாமான் எல்லாம் இந்த வழியில்தான் நிறுத்தினேன். ஆள் பார்த்து நிறுத்தியதில் ஒன்றும் கிடைத்ததாக ஞாபகம் இல்லை. ஜனாதிபதி பிரேமதாசா 1993இல் குண்டில் செத்ததும் கண்ணை நம்பித்தான், குண்டோடு வந்தவனை வீட்டோடு பழகிய ஆள் என்று கிட்டே விட்டார்கள். பழக்கம் பார்த்து விடுவதும் ஆள் பார்த்துப் பிடிப்பதும் ஒரே பிழை போலத்தான்.

ஆனால் முழுதாக விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எச்சரிக்கை வந்த நாட்களில், இன்ன குழு என்று தகவல் உள்ள நாட்களில், அந்தத் தகவலை வாசல் வரை கொண்டுவரத்தான் வேண்டும். அதை எப்படி எழுதினால் ஒரு சனம் முழுவதும் அடிபடாது என்று சட்டத்தரணி தம்பி சொல்ல வேண்டும்.

---

புதுக்கடை சட்டத்தரணி

ஐயா, தகவல் ஒரு ஆளைப் பற்றியதாக இருந்தால் படத்தோடு கொடுக்கலாம், காலாவதித் திகதியோடு. திகதி முடிந்ததும் படம் கழற்றப்பட வேண்டும். "இன்ன சமூகத்தில் கவனம்" என்று வந்தால் அது தகவல் இல்லை, திருப்பி அனுப்ப வேண்டும். மிச்ச நாட்களில் எல்லாருக்கும் ஒரே முறை, அல்லது ஐந்து பேருக்கு ஒருவர் என்று எண்ணி நிறுத்துவது. எண்ணி நிறுத்தினால் யார் மாட்டுவார் என்று எதிரிக்கும் தெரியாது, காவலரும் தன் கண்ணை நம்பி நிற்கத் தேவையில்லை.

---

ஒழுங்கை57

ஐயா சொன்னதை ஒரு பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, அந்தக் கடைத்தொகுதியின் முகாமையாளருக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். சிங்களத்தை யாராவது திருத்தித் தர வேண்டும். வாசலில் ஒரு நாற்காலி வேண்டும் என்பதையும் சேர்க்கிறேன், பன்னிரண்டு மணித்தியாலம் நின்ற கண் எதைப் பார்க்கும்? சனிக்கிழமை யார் கூட வருவீர்கள்?

---

மட்டுநகர்

சிங்களம் என் மனைவி பார்ப்பார். நான் வருகிறேன்.

---

கொச்சிக்கடைக்காரன்

எனக்கு அன்று வேலை. ஆனால் எங்கள் கோயிலில் பை பார்க்கிற பெடியன்களை எப்படிப் பழக்கினோம் என்று எழுதித் தருகிறேன், அதையும் சேருங்கள்.

---

தெமட்டகொட டீச்சர்

லுஹர் தொழுகைக்குப் பிறகு என்றால் நானும் வருவேன் தம்பி. காவலன் ஐயாவும் வர வேண்டும். அவர் சொன்னால் முகாமையாளர் கேட்பார், நான் சொன்னால் முறைப்பாடு என்று நினைப்பார்கள்.

---

பழைய காவலன்

வருகிறேன் டீச்சர். ஒன்றரைக்கு வாசலில் நிற்பேன். என் பையையும் கொண்டுவருகிறேன், திறந்து பார்க்கட்டும்.